கல்லும் சங்கிலியும்



நமது கடையநல்லூரில் தறி ஓடும் தெருக்களில் பாவு நூலைக் கவனித்திருப்பீர்கள். அது தளர்ந்தால் துணி சீராக வராது. அளவுக்கு மிஞ்சி இறுகினால் இழை அறுந்துவிடும். பொறியியல் நூல்கள் தகைவு, திரிபு என்று கூறுவதும் இந்த இழையின் கதையே.

ஒரு பொருளை இழுக்கும் அல்லது அழுத்தும் விசையை அதன் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது தகைவு. அதனால் ஏற்படும் நீள மாற்றத்தை முதலில் இருந்த நீளத்தால் வகுத்தால் கிடைப்பது திரிபு. ஓர் எல்லை வரை தகைவு கூடும் அளவுக்கே திரிபும் கூடும். இவ்விதிக்கு அடிப்படையானதை ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார்.

ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உள்ள எஃகுக் கம்பியில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால், அது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் நீளும்! எடையை எடுத்ததும் பழைய நீளத்திற்கே வந்துவிடும். எடையைக் கூட்டிக்கொண்டே போனால் மீட்சி எல்லை கடந்து, நீண்டது நீண்டபடியே நின்றுவிடும், பிறகு அறும். கருங்கல் அப்படியன்று. அழுத்தினால் மலைபோல் தாங்கும். இழுத்தாலோ வளைத்தாலோ, நீண்டு எச்சரிக்காமல் சட்டென உடையும்.

இவ்விரு குணங்களையும் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. செங்கோட்டையிலிருந்து கொல்லம் செல்லும் சாலையில், ஆரியங்காவைத் தாண்டியதும் பதின்மூன்று கண் பாலம் தெரியும். 1904இல் திறக்கப்பட்ட ரயில் பாதைக்காகக் கட்டிய கல் வளைவுகள் அவை. வளைவில் ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை நெருக்கி, ரயிலின் பாரத்தைத் தூண்களுக்குள் இறக்குகிறது. எந்தக் கல்லும் இழுக்கப்படுவதில்லை. அதுதான் அதன் சூட்சுமம். 2018இல் அகல ரயில் பாதை முழுமையான பின்பும் அவ்வழியே ரயில் ஓடுகிறது.

அதே சாலையில் புனலூரில், கல்லடை ஆற்றின்மேல் தொங்கு பாலம் இருக்கிறது. ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் மேற்பார்வையில் 1877இல் கட்டி முடிக்கப்பட்டது. இங்கே பாரம் முழுவதும் சங்கிலிகளை இழுக்கிறது. அதனால் கல்லுக்கு இங்கே தூண் வேலை மட்டுமே. இழுவிசையைத் தாங்குவது இரும்பு.

மக்கள் பாலத்தில் ஏற அஞ்சினார்களாம். அவர் ஆறு யானைகளை மேலே நடக்கவிட்டு, தம் குடும்பத்தோடு கீழே படகில் அமர்ந்திருந்தார் என்று அவ்வூரில் சொல்கிறார்கள். கதையில் துணிச்சலைத்தான் எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கோ அந்தச் சங்கிலிதான் நினைவில் நிற்கிறது. யானைகள் ஏறியபோது அதுவும் சிறிது நீண்டுதான் இருக்கும். இறங்கியதும் பழைய நீளத்திற்குத் திரும்பியிருக்கும்.