ஊசி போட்டும் கொரோனா வந்தது ஏன்?

கேள்வி: இரண்டு தவணை கோவிஷீல்டு போட்டிருந்தும் 2022 ஜனவரியில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்தது. அப்படியானால் ஊசி போட்டது வீண்தானே?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வீணே இல்லை அம்மா. ஊசியால் ரத்தத்தில் பெருகும் எதிர்ப்புப் புரதங்கள் சில மாதங்களில் குறையும். அந்த நேரம் பார்த்து வந்த ஒமைக்ரான் என்ற கொரோனா திரிபு, தன் கூர்முனைப் புரதம் வெகுவாக மாறியிருந்ததால் மிச்சமிருந்த காவலையும் தாண்டி மூக்கிலும் தொண்டையிலும் தொற்றியது. ஆனால் ஊசி பழக்கிவைத்த நினைவு செல்களும் டி செல்களும் கிருமியை மறப்பதில்லை. அவை திரண்டு வரச் சில நாட்கள் ஆகும். அதற்குள் காய்ச்சலும் இருமலும் வரலாம். நுரையீரல் பெரும்பாலும் தப்பிவிடும்.

ஒமைக்ரான் அதற்கு முந்தைய டெல்டா திரிபைவிட லேசானது என்பதும் உண்மைதான். ஆனாலும் 2022 தொடக்கத்தில் ஹாங்காங்கில் அதற்குப் பலியானவர்களில் பெரும்பாலோர் ஊசி போடாத முதியவர்கள். டெல்டா பரவிய 2021 மே மாதம் நம் ஊர்களில் ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்த குடும்பங்களையும் நினைத்துப் பாருங்கள். அன்று இரண்டு தவணையும் முடித்திருந்தவர்கள் மிகச் சிலரே.

உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக எழுந்ததில் அந்த ஊசிக்கும் பங்குண்டு. தயங்கும் உறவினர்களிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.