உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே!

ஒவ்வொரு குடும்பத்திலும், ஒவ்வொரு அபார்ட்மென்ட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். பிரிண்டர் ஓடவில்லை, வைஃபை வரவில்லை, டிவியில் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது, வாட்ஸ்அப்பில் வந்த சேதி உண்மையா பொய்யா தெரியவில்லை. எதுவானாலும் அவருக்குத்தான் போன் போகும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திய பிறகு, "ஸ்கிரீன்ல என்னமோ வருது தம்பி, புதுசுதான் வாங்கணுமாமே, நிஜமா?" என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

இந்தப் பட்டியல் அந்த 'தம்பி'களுக்கும் தங்கைகளுக்கும். என் கட்சி ஒன்றுதான்: இயந்திரம் வீட்டுக்காரருடையது. நாம் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிய பிறகும் அது முழுக்க அவர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். கீழே சொல்லியிருப்பது எல்லாம் இதிலிருந்து பிறந்ததுதான்.

செய்ய வேண்டியவை

முதலில் கேளுங்கள், பிறகு மவுஸைத் தொடுங்கள். "இதில் தினமும் என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டாலே பாதி முடிவு தெரிந்துவிடும். மெயில், யூடியூப், பேரனோடு வீடியோ கால், கரண்ட் பில் கட்டுவது, இவ்வளவுதான் என்றால் லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும். அதுவே டேலியில் கடைக் கணக்கு எழுதுபவர், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனைச் செருகி ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர் என்றால், விண்டோஸை எடுப்பது அவர் பிழைப்பில் கை வைப்பது. மேஜை ஓரத்தில் இருக்கும் பிரிண்டரையும் ஒரு பார்வை பாருங்கள். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் இன்றும் உழைக்கும் கேனன் எல்பிபி 2900-ஐ லினக்ஸில் ஓட வைப்பது பெரிய மல்லுக்கட்டு. அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம்.

புதிது வாங்கச் சொல்லும் முன் இருப்பதைச் சோதியுங்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும்; இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையக்கூடாது. எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-இல்தான். அதனால் 2016-இல் வாங்கிய, ஒரு குறையும் இல்லாத லேப்டாப்கூட இந்த வரிசையில் தள்ளுபடியாகிவிடுகிறது. அதைக் குப்பைக்கு அனுப்ப அவசரப்பட வேண்டாம். வீட்டு உபயோகக் கணினிகளுக்குப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துத் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதில் சேர்த்துவிட்டால் யோசிக்க அவகாசம் கிடைக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி மாட்டினால் அதே லேப்டாப் ஓடும் ஓட்டம் வேறு. லினக்ஸ் நம் வீடுகளுக்குப் புதிதும் இல்லை. தமிழக அரசு மாணவர்களுக்குத் தந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தார்கள்.

ஃபார்மட் போடும் முன் எழுத்துருக்களை எடுத்து வையுங்கள். இதைத்தான் இந்தப் பட்டியலிலேயே முக்கியமானதாக நினைக்கிறேன், நம் தமிழ் வீடுகளில் அடிக்கடி வரும் சிக்கல் என்பதால். யூனிகோடு பரவுவதற்கு முன் டைப் செய்த கோப்புகள் எல்லாம் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக்களில் இருக்கின்றன. பார்க்கத்தான் அது தமிழ். கம்ப்யூட்டருக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகள். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இருக்கும்வரை அது அம்மா. நீங்கள் சி டிரைவைத் துடைத்துவிட்டால் அதே கோப்பு வெறும் கிறுக்கல். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் இருபது வருடம் எழுதி வைத்த கட்டுரைகள், ஒரு கோயிலின் தல வரலாறு, பஞ்சாயத்துக்கு எழுதிய மனுக்கள் எல்லாம் இப்படித்தான் கைவிட்டுப் போகின்றன. கோப்பு பத்திரமாக பென் டிரைவில் இருக்கும், படிக்க மட்டும் முடியாது. எனவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் எழுத்துருக்களை மொத்தமாக நகலெடுங்கள். எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு நேரம் எடுத்து என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றால் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுங்கள். மாற்றியதை வீட்டுக்காரரையே ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கள். ஒற்றுப்பிழை எங்கே விழுந்திருக்கிறது என்பது எழுதியவர் கண்ணுக்குத்தான் உடனே படும்.

டேலிக்கும் இதே கவனம் வேண்டும். அதன் டேட்டா ஃபோல்டர் 'மை டாக்குமெண்ட்ஸ்' பக்கமே இருக்காது. பெரும்பாலும் சி டிரைவில் தனியாக உட்கார்ந்திருக்கும். எங்கே இருக்கிறது என்று டேலிக்குள்ளேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பேக்கப் எடுத்தால் திறந்து பாருங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற பழைய கணக்கு இன்றும் சரியான கணக்குதான். ஆனால் வேறொரு கணினியில் செருகி, நாலு போட்டோவையும் ஒரு கணக்கையும் திறந்து காட்டாதவரை அதை பேக்கப் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒரு நோட்டு போடுங்கள். வைஃபை பாஸ்வேர்டு, ரூட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டு, மெயில் கணக்கு, பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவி, இன்டர்நெட் கனெக்‌ஷன் எண், வாங்கிய தேதி. எல்லாம் பேனாவால், வீட்டுக்காரர் படிக்கிற மொழியில், அவரே எழுதட்டும். பீரோவில் நகைப்பெட்டி பக்கத்தில் இருக்கட்டும். பாஸ்வேர்டைத் தாளில் எழுதலாமா என்று இளைஞர்கள் முகம் சுளிப்பார்கள். எழுபது வயதுக்காரர் வீட்டு பீரோவுக்குள் ரஷ்ய ஹேக்கர் வரப்போவதில்லை, மறதிதான் வரும். அவர் காலத்துக்குப் பின் பிள்ளைகளுக்கு வழி தெரியவும் அந்த நோட்டு ஒன்றே உதவும்.

ரூட்டர், கேமரா இரண்டிலும் கம்பெனி வைத்த பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல், இப்படி மாற்றாமல் விட்ட கேமராக்களுக்கும் ரூட்டர்களுக்கும் உள்ளே புகுந்து ஒரு படையே திரட்டியது. அந்த அக்டோபரில், இணையதளப் பெயர்களுக்கு வழிகாட்டும் டைன் நிறுவனத்தின் மீது அது தொடுத்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவில் பல மணி நேரம் முடங்கின.

1930 என்ற எண்ணை வீட்டில் எல்லோர் போனிலும் பதியுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் புகார் போகிறதோ, பணத்தை நடுவழியில் மறிக்க அவ்வளவு வாய்ப்பு.

செய்யக்கூடாதவை

கிராக் போட்டுக் கொடுக்காதீர்கள். "எல்லாரும் அதைத்தான் போடுறாங்க" என்பார்கள். ஆக்டிவேட்டர் ஓடுவதற்காக ஆன்டிவைரஸை அணைக்கிறோம், அப்டேட்டை நிறுத்துகிறோம். கதவைத் திறந்து வைப்பதே நாம்தான். 2017 மார்ச்சிலேயே விண்டோஸின் ஒரு பாதுகாப்பு ஓட்டைக்கு ஒட்டு (பேட்ச்) வெளியாகிவிட்டது. மே மாதம் வான்னாக்ரை என்ற நச்சுநிரல் உலகமெங்கும் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, அந்த ஒட்டைப் போடாத கணினிகள்தான் மாட்டின. பணம் இல்லையா, லிப்ரே ஆபிஸ் இருக்கிறது.

உங்கள் கொள்கையை அடுத்தவர் மேஜையில் நிறுவாதீர்கள். கட்டற்ற மென்பொருளை நான் மனதார நேசிக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்: கேட்காதவர் கணினியில் லினக்ஸைத் திணித்தால், அவர் ஆயுசுக்கும் அதை வெறுப்பார். பென் டிரைவிலிருந்து ஓட்டிக் காட்டுங்கள். அதில் தமிழில் டைப் செய்து பார்க்கட்டும். அவர் வேண்டும் என்றால் நிறுவலாம்.

ரிமோட் ஆப்பை விட்டுவிட்டு வராதீர்கள். எனிடெஸ்க் போன்றவற்றின் வழியே வங்கிக் கணக்கைத் துடைக்கும் மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்துவிட்டது. நல்லெண்ணத்தோடு நீங்கள் போட்டுவிட்ட அதே ஆப்பைத் திறந்து எண்ணைச் சொல்லுமாறு நாளை ஒருவன் 'பேங்க்கிலிருந்து' பேசுவான். "நம்ம தம்பி போட்டதுதானே" என்று மாமியும் சொல்லிவிடுவார். வேலை முடிந்ததும் நீக்குங்கள், அவர் கண் முன்னால்.

யார் மெயிலுக்கும் உங்கள் நம்பரை மீட்பு எண்ணாகக் கொடுக்காதீர்கள். அவசரத்துக்குச் சுலபம்தான். பிறகு அவர் கணக்கு என்றைக்கும் உங்கள் தயவில்.

பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டியை டிவியில் மாட்டாதீர்கள். "ஒரு தடவை வாங்கினா எல்லா சேனலும் ஃப்ரீ" என்று விற்கும் பெட்டிகளைப் பற்றித்தான். இத்தகைய பெட்டிகளில் பல, தொழிற்சாலையிலேயே பேட்பாக்ஸ் 2.0 என்ற நச்சுநிரலோடு வருகின்றன என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது. படம் ஓடும், பின்னால் உங்கள் இணைய இணைப்பை யாரோ வாடகைக்கு விட்டுக்கொண்டிருப்பார்கள்.

போட்டோ ஃபோல்டரைத் திறந்து பார்க்காதீர்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

"இதுகூடத் தெரியாதா?" என்று கேட்காதீர்கள். அப்படி ஒருமுறை கேட்டுவிட்டால் அடுத்த தடவை உங்களைக் கூப்பிட மாட்டார்கள். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று போலீஸ் உடையில் ஒருவன் வீடியோ காலில் மிரட்டும்போது அந்தப் பெரியவர் தனியாகவே பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே இல்லை என்று சொல்ல, கூச்சமில்லாமல் கூப்பிடக்கூடிய ஒருவர் அவருக்கு இருக்க வேண்டும்.

செய்தியும் பொது விவகாரமும்

இதை ஏன் இங்கே சேர்க்கிறேன் என்றால், கம்ப்யூட்டர் தெரிந்தவரின் பேச்சுக்கு வீட்டில் ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. ஃபார்வர்டு செய்தியையும் அவரிடம்தான் காட்டுகிறார்கள்.

தெரியாததைத் தள்ளிவிடாதீர்கள். 2018 மே மாதம், போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயது மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் என்ற வாட்ஸ்அப் வதந்தி அந்தப் பகுதியெங்கும் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. ஊர் கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார். அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது. நாடெங்கும் இப்படிப் பல உயிர்கள் போன பிறகு வந்த கட்டுப்பாடு அது.

வீடியோ எங்கே, எப்போது எடுத்தது என்று தேடிக் காட்டுங்கள். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் மோதிக்கொண்டது. இரண்டும் பழையவை என்று காவல்துறை தலைவரே விளக்க வேண்டியிருந்தது. வீடியோவை நிறுத்தி, ஒரு காட்சியைப் படமாக எடுத்து கூகுள் லென்ஸில் போட ஒரு நிமிடம் போதும். அதை அத்தைக்கும் கற்றுக்கொடுங்கள். தவறாக அனுப்பியவரைக் குடும்பக் குரூப்பில் வைத்துத் திருத்தாமல், தனியாகப் போனில் சொல்லுங்கள், அவரே எடுத்துவிடுவார்.

உங்கள் அறிவின் எல்லையைச் சொல்லத் தயங்காதீர்கள். வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பற்றி நம்மைக் கேட்பார்கள். பைத்தான் தெரியும் என்பதால் அந்த இயந்திரம் தெரியும் என்றாகிவிடாது. விவிபாட் (போட்ட வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி) வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26-ஆம் தேதி தந்த தீர்ப்பில், எல்லாச் சீட்டுகளையும் எண்ணும் கோரிக்கை ஏன் மறுக்கப்பட்டது, சின்னங்களை ஏற்றும் கருவியை ஏன் 45 நாள் சீல் வைத்துப் பாதுகாக்கச் சொன்னார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, எது படித்தது, எது உங்கள் சந்தேகம் என்று பிரித்துப் பேசுங்கள்.

அரசு கருத்துக் கேட்டால் எழுதுங்கள். 2015-இல் இணையச் சமத்துவம் பற்றித் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேல் மெயில்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி, இணையத்தில் எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்துக் கட்டணத்தில் பாகுபாடு காட்டக்கூடாது என்று உத்தரவு வந்தது. சாதாரண நெட் பயனாளிகள் எழுதி எழுதிப் பெற்ற உத்தரவு அது. எழுதும்போது கவனிக்க இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, யாரோ தந்த வாசகத்தை அப்படியே அனுப்பாதீர்கள். ஃபேஸ்புக்கின் இலவச இணையத் திட்டமான ஃப்ரீ பேசிக்ஸுக்கு ஆதரவாக ஒரே அச்சில் வந்து குவிந்த மெயில்கள், தான் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லவில்லை என்று டிராய் கண்டித்தது. கேள்வி எண்ணைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் உங்கள் அனுபவத்திலிருந்து பதில் எழுதுங்கள். இரண்டு, 2015-இல் வந்த மெயில்களை அனுப்பியவர்களின் முகவரியோடு டிராய் தன் தளத்தில் போட்டுவிட்டது. ஆகவே இதற்கென்று தனி மெயில் ஐடி வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் பகுதியில் போன் நம்பரும் வீட்டு முகவரியும் இருந்தால் எடுத்துவிட்டு அனுப்புங்கள்.