புள்ளியும் சிறப்புக் குறிகளும்

மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. ஷெல் நிரல் எழுதுவோர்க்கும் ஒரு புள்ளி உண்டு. அஃது எழுத்தின் தலைமேல் நில்லாது, அடியில் நிற்பது. இவற்றின் இயல்பறியாது பழைய மாணவர் பெயர்ப்பட்டியலிற் கைவைத்தால், உள்ள பெயர் மறையும்; வேண்டாப் பெயர் வந்து நிற்கும்.

யூனிக்ஸ் முறைமைக்குக் கென் தொம்சன் ஆக்கிய கிரெப் என்னும் தேடற் கட்டளையில், முற்றுப்புள்ளி ‘யாதேனும் ஒரு குறி’ எனப் பொருள்படும். ஆதலின் 'ப.ரதி' என்று தேடினால் ‘பாரதி’யும் அகப்படும், கணினிக்குப் ‘பா’ ஓரெழுத்தன்று, பகரமும் அரவுமாகிய இரு குறிகள் அன்றோ! புள்ளியைப் புள்ளியாகவே கொள்ள, அதன்முன் பின்சாய்கோடு இட்டு 'ப\.ரதி' என எழுதல் வேண்டும். ஒற்றை மேற்கோளையும் விடலாகாது. விட்டால் ஷெல் அச்சாய்கோட்டைத் தானே விழுங்கிவிட்டு, வெறும் புள்ளியையே கிரெப்பிடம் ஒப்படைக்கும். உடுக்குறியோ இன்னும் பொல்லாதது. கோப்புப் பெயர்களில் அது ‘எதுவும்’ எனப் பொருள்படும். கிரெப்பிலோ முன்னின்ற குறி எத்தனை முறையும் வரலாம், வாராதொழியவும் செய்யலாம் என்பதைக் குறிக்கும். இத்தொல்லையெல்லாம் வேண்டாதார், கிரெப்புக்குப் பெரிய ‘எப்’ என்னும் தெரிவைக் கொடுப்பாராக. எல்லாக் குறிகளும் உள்ளவாறே கொள்ளப்படும்.

ஆயினும் தமிழுக்குரிய இடர் இதனால் தீராது. ‘வெள்ளவத்தை’ நமக்கு ஆறெழுத்து. யூனிகோட்டில் பத்துக் குறிகள். ‘கொட்டாஞ்சேனை’யும் ஆறெழுத்தே, அதற்கோ பன்னிரண்டு குறிகள், சிலர் தட்டச்சில் பதின்மூன்று. ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் இடலாம், கொம்பும் அரவுமாகப் பிரித்தும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கிரெப்புக்கு வேறு வேறு. கொட்டாஞ்சேனை வாசிகளைத் தேடுங்கால் பாதிப்பேர் அகப்படாது போயின், அவர்கள் சங்கத்தை விட்டு நீங்கினர் என்று கொள்ளற்க. முதலிற் பட்டியல் முழுவதையும் யூகான்வ் போன்ற கருவியால் ஒரே குறியேற்ற வடிவிற்கு மாற்றிக்கொண்டு, பின்னர்த் தேடுக.

‘கௌரி’ என்னும் பெயர்க்கு அதுவும் போதாது. ஔகாரக் குறியிடாது, கொம்பும் ளகரமுமாகத் தட்டுவார் பலர். இது எழுத்துப் பிழையாதலால் எக்கருவியும் தானே திருத்தாது. இத்தகைய பெயர்களை '(கௌ|கெள)ரி' என இருவகையும் அமைத்து, கிரெப்பின் பெரிய ‘ஈ’ தெரிவுடன் தேடுதலே வழி. ‘சௌந்தரம்’, ‘மௌனகுரு’ முதலியவற்றிற்கும் அஃதே.