எங்கள் வீட்டு அடி பம்பு கற்பித்த பாடம்



2003ஆம் ஆண்டுக் கோடையை உங்கள் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். சென்னை நகரமே லாரித் தண்ணீரை எதிர்பார்த்துக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்த காலம் அது. அப்போது நான் உங்களைப் போல் பள்ளி மாணவி. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு கிணறு. அதன் குழாயில் பொருத்திய ஓர் அடி பம்பு. ஒருநாள் காலையில் அது தண்ணீர் தர மறுத்துவிட்டது. பம்பின் வாயில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அடித்துப் பார்த்தோம். 'புஸ் புஸ்' என்று காற்றுதான் வந்தது.

பழுது பார்க்க வந்தவர், "வாஷர் தேய்ந்துவிட்டது" என்றார். தோல் வாஷரை மாற்றினோம், பயனில்லை. மறுபடியும் மாற்றினோம், அடி வால்வையும் மாற்றினோம். கடைசியில், "பம்பே பழசு, புதிது வாங்குங்கள்" என்றார். கடன் வாங்கிப் புதிய பம்பு போட்டோம். அதுவும் 'புஸ்' என்றது! அந்த இரண்டு வாரமும் நானும் என் அக்காவும் விடியற்காலையில் தெருமுனைக்குச் சென்று குடம் சுமந்தோம். அக்கா இரண்டு நாள் பள்ளிக்கே போகவில்லை.

முடிவில் எங்கள் பாட்டிதான், "கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டுப் பாருங்கள்" என்றார். அளந்தோம். பம்பிலிருந்து தண்ணீர் மட்டம் 30 அடி, அதாவது ஏறத்தாழ 9 மீட்டர் கீழே போயிருந்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தது; பம்பும் நன்றாகவே இருந்தது. ஆனால் இரண்டுக்கும் இடையே இயற்கை ஓர் எல்லைக்கோடு போட்டிருந்தது.

உறிஞ்சுவது யார்?

நாம் கைப்பிடியை அழுத்தும்போது பம்பு தண்ணீரை 'இழுக்கிறது' என்று நினைக்கிறோம். உண்மை அதுவன்று. பிஸ்டன் மேலே எழும்போது குழாயினுள் காற்றழுத்தம் குறைகிறது. கிணற்று நீரின் மேற்பரப்பைச் சூழ்ந்துள்ள காற்று தண்ணீரை அழுத்திக் குழாய்க்குள் ஏற்றுகிறது. வேலை செய்வது வெளிக்காற்று. பம்பு அதற்கு வழிவிடுகிறது, அவ்வளவுதான்.

அந்தக் காற்றால் எவ்வளவு உயரம் ஏற்ற முடியும்? இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லி 1643இல் பாதரசத்தைக் கொண்டு இதற்கு விடை கண்டார். காற்றழுத்தம் 76 செ.மீ. உயரப் பாதரசத்தைத் தாங்கும். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. ஆகவே தண்ணீர் ஏறக்கூடிய உயரம் 76 × 13.6 = 1,034 செ.மீ.; அதாவது சுமார் 10.3 மீட்டர். இதுவும் குழாயில் காற்றே இல்லாத நிலையில்தான். இணைப்புகளில் கசியும் காற்று, வாஷரின் தேய்மானம், குழாயின் உராய்வு எல்லாம் சேர்ந்து, நடைமுறையில் சுமார் 7 மீட்டருக்கு மேல் உறிஞ்சு பம்பை நம்ப முடியாது.

இங்கே ஒரு சுவையான செய்தி. கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் இதே போன்ற ஒரு பம்பு வருகிறது. நீர்மட்டம் தாழ்ந்ததும் அது நின்றுவிடுகிறது. யந்திரம் கெட்டுவிட்டது என்று எண்ணிப் பழுது பார்ப்பவரை அழைக்கிறார்கள். அவரோ, குற்றம் பம்பில் இல்லை, தண்ணீர் மிகவும் கீழே போய்விட்டது என்று விளக்குகிறார். அந்தத் தொழிலாளிக்குத் தெரிந்தது எங்களுக்கு 365 ஆண்டுகள் கழித்தும் தெரியவில்லை!

தெருமுனைப் பம்பின் இரகசியம்

எங்கள் வீட்டுப் பம்பு நின்றபோதும் தெருமுனையில் இருந்த பெரிய கைப்பம்பு நிற்கவில்லை. ஏன்? அதன் சிலிண்டரும் பிஸ்டனும் மேலே இல்லை; ஆழ்துளைக் கிணற்றினுள் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கின்றன. அது தண்ணீரை உறிஞ்சுவதில்லை, கீழிருந்து தூக்குகிறது. எனவே 7 மீட்டர் எல்லை அதைக் கட்டுப்படுத்தாது.

இவ்வகைப் பம்பின் பெயர் 'இந்தியா மார்க் 2'. இதன் வரலாற்றில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. முன்பு நம் கிராமங்களில் போடப்பட்ட வார்ப்பிரும்புப் பம்புகள், மேல்நாட்டில் ஒரு குடும்பம் பயன்படுத்துவதற்காக அமைந்தவற்றின் நகல்கள். இங்கோ ஒரு பம்பை நூற்றுக்கணக்கானவர் காலை முதல் இரவு வரை அடித்தார்கள். 1970களின் நடுவில் அவற்றில் பெரும்பாலானவை பழுதாகிக் கிடந்தன. மராட்டியத்தின் சோலாப்பூரில் உருவான ஓர் உறுதியான பம்பை அடிப்படையாக வைத்து, யூனிசெப் நிறுவனமும், சென்னையில் இயங்கிய 'மெராடோ' என்ற இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையமும், ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் என்ற அரசு நிறுவனமும் சேர்ந்து புதிய பம்பை வடிவமைத்தன. கோயம்புத்தூர்ப் பகுதியில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

பழைய பம்பின் பெருங்குறை என்ன? கைப்பிடி வில் போல் வளைந்து நகர்கிறது. பிஸ்டன் கம்பியோ நேராக ஏறி இறங்க வேண்டும். இரண்டையும் ஓர் ஆணியால் இணைத்தால் கம்பி பக்கவாட்டில் உராய்ந்து, ஆணியும் துளையும் தேயும். புதிய பம்பில் கைப்பிடியின் முனையில் வட்டத்தின் கால்பகுதி போன்ற ஒரு துண்டை வைத்து, அதன்மேல் சைக்கிள் செயின் போன்ற ஒரு செயினைப் படிய விட்டார்கள். கைப்பிடி எப்படி வளைந்து நகர்ந்தாலும் செயின் நேர்க்கோட்டிலேயே தொங்கும். எவ்வளவு எளிய யோசனை!

ஆனால் செயின் இழுக்கும், தள்ளாது. பிஸ்டன் கீழே இறங்குவது கம்பியின் சொந்த எடையால்தான். கிணறு ஆழமில்லாவிட்டால் கம்பி குட்டையாகும், எடை போதாது, செயின் தொய்ந்துவிடும். ஒரு பிரச்சினையைத் தீர்க்கும் வடிவமைப்பு இன்னொன்றைக் கொண்டுவரும் என்பதைப் பொறியியல் படிக்க விரும்பும் மாணவியர் மனத்தில் கொள்ளவேண்டும்.

எவ்வளவு பலம் வேண்டும்?

கிணற்றில் நீர்மட்டம் 30 மீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் கொள்வோம். சிலிண்டரின் குறுக்களவு 63.5 மி.மீ.; அதன் பரப்பு ஏறக்குறைய 31.7 சதுர செ.மீ. பிஸ்டன் தாங்கும் நீரின் பாரம் 31.7 × 3,000 = 95,100 கிராம்; அதாவது 95 கிலோ. மேலே செல்லும் குழாய் 32 மி.மீ. மட்டுமே ஆயிற்றே, அதிலுள்ள தண்ணீர் 25 கிலோகூட இராதே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! திரவத்தின் அழுத்தம் அதன் உயரத்தைப் பொறுத்தது, குழாயின் பருமனைப் பொறுத்ததன்று. அந்த அழுத்தம் பிஸ்டனின் முழுப் பரப்பிலும் செயல்படுகிறது. பாஸ்கல் கற்பித்த பாடம் இதுவே.

கம்பியின் எடை சுமார் 25 கிலோவையும் சேர்த்தால் 120 கிலோ ஆகிறது. இதை ஒரு சிறுமி எப்படித் தூக்குவாள்? கைப்பிடி ஒரு நெம்புகோல். அதன் விகிதம் 8க்கு 1. 120ஐ 8ஆல் வகுத்தால் 15 கிலோ. உராய்வை விட்டுவிட்டால், இடுப்பில் சுமக்கும் ஒரு குடம் தண்ணீரின் எடைதான் அது.

பழுது பார்ப்பது யார்?

மார்க் 2 பம்பில் ஒரு வாஷர் தேய்ந்தாலும் 30 மீட்டர் குழாய் முழுவதையும் வெளியே இழுக்க வேண்டும். அதற்கு வண்டியும் ஆட்களும் வரும்வரை பெண்கள் குடத்தோடு நெடுந்தூரம் நடப்பார்கள். இதற்குத் தீர்வாக 'மார்க் 3' வந்தது. 1980களில் இதையும் கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதித்தார்கள். சிலிண்டரைவிடச் சற்றே பெரிய, 65 மி.மீ. குழாயைப் பொருத்தினார்கள். இப்போது குழாயைத் தொடாமலே பிஸ்டனை அதன் வழியாக மேலே எடுத்துவிடலாம். குழாயின் விலையும் எடையும் கூடின. ஆனால் காத்திருக்கும் நாட்கள் குறைந்தன. தோல் வாஷருக்குப் பதில் நீடித்து உழைக்கும் நைட்ரைல் ரப்பர் வாஷரும் வந்தது. உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் கிராமப் பெண்களே பயிற்சி பெற்றுக் கைப்பம்பு மெக்கானிக்குகள் ஆனார்கள். அவர்களில் பலர் பள்ளி வாசலையே மிதிக்காதவர்கள்!

எங்கள் வீட்டுப் பம்புக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கிணற்றினுள் 3 மீட்டர் கீழே ஒரு மேடை அமைத்து அதில் சிறு மோட்டார் பம்பை வைத்தோம். இப்போது அது உறிஞ்ச வேண்டிய உயரம் 6 மீட்டர்தான். மீதியைத் தள்ளி ஏற்றுவதற்கு அந்த எல்லை இல்லை. அதே 2003இல் தமிழகமெங்கும் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாயிற்று. மழை பெய்த ஆண்டுகளில் எங்கள் கிணற்றின் மட்டமும் உயர்ந்தது. ஆனால் 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது, பாட்டியின் கயிறும் கல்லும் மீண்டும் வெளியே வந்தன.

மாணவியரே, யந்திரத்தைக் குற்றம் சொல்லுமுன் அளந்து பாருங்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: வீட்டில் பம்பைக் கழற்றும்போது பெண்ணையும் அருகே அழைத்து, அவள் கையில் ஸ்பேனரைக் கொடுங்கள்.

பயிற்சி

1. நீர்மட்டம் 45 மீட்டர் ஆழத்தில் இருந்தால் கைப்பிடியில் எவ்வளவு பலம் வேண்டும்? (கம்பியின் எடையும் ஆழத்திற்கேற்பக் கூடும்.)

2. ஓர் அடிக்குப் பிஸ்டன் 125 மி.மீ. நகர்ந்தால் 40 அடிக்கு எத்தனை லிட்டர் கிடைக்கும்?

விடை: 1. சுமார் 22.5 கிலோ. 2. சுமார் 15.8 லிட்டர், ஏறத்தாழ ஒரு குடம்.