சுமந்தும் சோராமை

உள்ளத்தில் தோன்றுவது உடலில் வந்து படும் என்பதைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்னரே அறிந்திருந்தனர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் அதற்கெனவே ஓர் இயல் அமைந்துள்ளது. மெய்ப்பாட்டியல் என்பது அதன் பெயர். மெய்யின்கண் படுவது மெய்ப்பாடு. அழுகை, அச்சம், வெகுளி முதலாகிய எட்டும் உள்ளத்தே எழுந்து, கண்ணீராகவும் நடுக்கமாகவும் கண் சிவத்தலாகவும் பிறர் அறியுமாறு உடலில் வெளிப்படும். பிறர் கண்ணுக்குப் புலனாகும் இம்மெய்ப்பாடுகளோடு, புலனாகாத மெய்ப்பாடுகளும் உண்டு. குருதியின் அழுத்தம் உயர்வதும், இரைப்பை தன் தொழிலை நிறுத்துவதும், புண் ஆறாமல் நாள் கடத்துவதும் அத்தகையன. இவற்றை அளந்து காட்டியது கடந்த நூற்றாண்டின் மருத்துவ அறிவியல்.

ஓர் இல்லம்

ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணியை எண்ணிப் பார்க்கலாம். மறதிநோயுற்ற மாமியாரை அவர் ஐந்தாண்டுகளாகப் பேணி வருகிறார். பெற்ற மகனையே 'யார்?' என்று வினவும் அம்முதியவர், நள்ளிரவில் எழுந்து, 'என் வீட்டுக்குப் போக வேண்டும்' என்று வாயிற்கதவைத் தட்டுகிறார். உண்டதை மறந்து, தமக்குச் சோறே போடவில்லை என்று அண்டை வீட்டாரிடம் முறையிடுகிறார். மருமகள் மறுசொல் கூறாமல் மீண்டும் இலை போடுகிறார். 'பொறுமையின் வடிவம்' என்று உறவினர் அவரைப் புகழ்கின்றனர். புகழ்ந்தவருள் எவரும் ஓர் இரவேனும் அவருக்கு மாற்றாக விழித்திருந்ததில்லை. அவருக்கோ தலைவலி நீங்குவதில்லை. கலைந்த உறக்கம் மீள்வதில்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தொடங்கியாயிற்று. காய்கறி நறுக்கும்போது பட்ட சிறு காயமும் ஆற நாளாகிறது.

இத்தகைய இல்லங்கள் ஊர்தோறும் உண்டு. அன்போடு பணி செய்பவரின் உடல் ஏன் நலிகிறது என்பதும், நலியாமல் காக்கும் வழி யாது என்பதும் அறியத்தக்கன.

உடலின் காவல்

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியராக விளங்கியவர் வால்டர் கேனன். மாணவராக இருந்த காலத்திலேயே, அப்போது புதிதாகக் கண்டறியப்பட்டிருந்த எக்ஸ் கதிர்களைக் கொண்டு அவர் பூனைகளின் இரைப்பை அசைவை ஆராய்ந்தார். அமைதியான நேரத்தில் சீராக அசைந்த இரைப்பை, பூனை அஞ்சியபோதும் சினந்தபோதும் அசைவற்று நின்றுவிட்டது. உணர்ச்சி செரிமானத்தை நிறுத்துவானேன் என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. தொடர்ந்து ஆராய்ந்து கண்ட விடையை 1915ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார்.

சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமைந்தவை அட்ரினல் சுரப்பிகள். அச்சம் நேர்ந்த நொடியில் அவை அட்ரினலின் என்னும் சுரப்பைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. கல்லீரலில் சேமித்த சர்க்கரை குருதிக்கு வருகிறது. வயிற்றுக்குச் செல்லும் குருதி, கை கால் தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. எதிர்த்துப் போரிடவோ தப்பி ஓடவோ உடல் ஒருங்கே ஆயத்தமாகிறது. ஆகவே, இது நோயன்று. உயிரைக் காக்கும் காவலே ஆகும்.

பகைவர் கோட்டையைச் சூழ்ந்தால், உழவரும் ஏரை விட்டுப் படைக்கலம் ஏந்துவர். சில நாள் ஏர் நின்றாலும் நாடு பிழைத்துக்கொள்ளும். முற்றுகை ஆண்டுக்கணக்கில் நீண்டால், பகைவர் மதிலைக் கடவாமலே நாடு பசியால் வாடும். உடலின் காவலும் அவ்வாறே நீண்டகாலம் தளராமல் நிற்குமாயின், காக்க வந்ததே கேடு செய்யும்.

மூன்று நிலைகள்

இதனை விளக்கியவர் ஹான்ஸ் செலியே. வியன்னாவில் 1907இல் பிறந்து, கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஆய்வு செய்தவர். 1936ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் அவர் எழுதிய சிறு கடிதம் ஒரு புதிய துறைக்கே கால்கோளாயிற்று. குளிர், காயம், மிகையான உழைப்பு, நச்சுப்பொருள் என்று எலிகளுக்கு நேர்ந்த துன்பம் வெவ்வேறாக இருந்தபோதிலும், உடலில் தோன்றிய மாற்றம் ஒன்றாகவே இருந்தது. அட்ரினல் சுரப்பிகள் பருத்தன. நோயெதிர்ப்புக்குரிய தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையில் புண் தோன்றியது.

துன்பத்தை எதிர்கொள்ளும் உடல் மூன்று நிலைகளைக் கடக்கிறது என்றார் அவர். முதலாவது, அபாயத்தை உணர்ந்து எழும் நிலை. இரண்டாவது, தாங்கி நிற்கும் நிலை. மூன்றாவது, ஓய்ந்து விழும் நிலை. இவற்றுள் ஏமாற்றுவது இரண்டாம் நிலையே. அந்நிலையில் உடல் பழகிவிட்டது போலத் தோன்றும். 'எனக்கு இது பழக்கமாகிவிட்டது' என்று அப்பெண்மணியும் கூறுவார். உள்ளே கையிருப்பு கரைந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியாது.

கார்ட்டிசால் என்னும் மற்றொரு சுரப்பும் இங்குக் குறிக்கத்தக்கது. விடியற்காலையில் மிகுந்து இரவில் குறைவது அதன் இயல்பு. நீங்காத கவலை இவ்வொழுங்கைக் குலைக்கிறது. அது நெடுநாள் மிகுந்தே நிற்குமாயின், குருதியில் சர்க்கரையும் அழுத்தமும் உயர்கின்றன, உறக்கம் கெடுகிறது, நோயெதிர்ப்பாற்றல் தளர்கிறது.

புண் கூறிய சான்று

அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மறதிநோயுற்ற உறவினரைப் பேணிவந்த பெண்கள் 13 பேரும், அத்தகைய பொறுப்பு இல்லாத, ஒத்த வயதுடைய பெண்கள் 13 பேரும் அதில் பங்கேற்றனர். அனைவர்க்கும் 3.5 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே அளவான சிறு காயம் மருத்துவ முறைப்படி ஏற்படுத்தப்பட்டு, அது ஆறும் நாள் கணக்கிடப்பட்டது. மற்றவர்க்குச் சராசரியாக 39.3 நாளில் ஆறிய காயம், நோயாளியைப் பேணியவர்க்கு ஆற 48.7 நாள் ஆயிற்று. ஒன்பது நாள் வேறுபாடு. காயத்தின் அளவில் வேறுபாடில்லை. உள்ளம் சுமந்த சுமையில்தான் வேறுபாடு.

இதற்கு முன், 1991இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், உடல்நலம் மிக்க 394 பேரின் மூக்கில் சளிக்காய்ச்சலை உண்டாக்கும் நுண்கிருமிகள் சொட்டுமருந்து போல் இடப்பட்டன. மனச்சுமை மிக்கவர்க்கே கிருமித்தொற்று மிகுதியாக ஏற்பட்டது.

ஆயினும், எல்லா நோய்க்கும் கவலையே காரணம் என்று கூறிவிடுதல் பிழையாகும். கவலையும் காரமும்தான் வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் என்று மருத்துவரும் நெடுங்காலம் கருதினர். ஆஸ்திரேலிய மருத்துவர்களான பாரி மார்ஷலும் ராபின் வாரனும், பெரும்பாலான வயிற்றுப்புண்களுக்கு ஒரு நுண்ணுயிரியே காரணம் என நிறுவி, 2005இல் நோபல் பரிசு பெற்றனர். ஆகவே நோயுற்றவரை நோக்கி, 'நீ கவலைப்பட்டுத் தேடிக்கொண்டது' என்று பழித்தல் கூடாது. கவலை, நோய்க்குத் துணைபோகும். அதுவே நோய் முழுமைக்கும் வித்தன்று.

சுமையை அளக்கும் உள்ளம்

ஒரே துன்பம் இருவர்க்கு நேரும்போது ஒருவர் தளர்கிறார், மற்றவர் நிமிர்கிறார். இவ்வேறுபாட்டை ஆராய்ந்த ரிச்சர்டு லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்னும் உளவியலறிஞர்கள் 1984இல் ஒரு நூல் வெளியிட்டனர். துன்பம் வரும்போது உள்ளம் இரு வினாக்களைத் தனக்குள் எழுப்புகிறது. 'இதனால் எனக்கு நேரப்போவது என்ன?' என்பது ஒன்று. 'இதற்கு என்னால் செய்யக்கூடியது என்ன?' என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு 'ஒன்றுமில்லை' என்று விடை வரும்போதே சுமை தாங்க முடியாததாகிறது.

எதிர்கொள்ளும் நெறியும் இருவகைப்படும். துன்பத்தின் காரணத்தை மாற்ற முயல்வது ஒருவகை. மாற்ற இயலாதவிடத்துத் தம் உள்ளத்தை ஆற்றிக்கொள்வது மற்றொரு வகை. எங்கு எது தகும் எனத் தெரிதலே அறிவுடைமை.

முற்கூறிய இல்லத்தில் மாற்ற இயலாதது முதியவரின் மறதி. 'இப்போதுதானே உண்டீர்கள்?' என்று நாள்தோறும் வாதிடுவதால் பயனில்லை. இருவர் உள்ளமும் புண்படும். சிறிது உணவளித்து, பேச்சை வேறுபக்கம் திருப்பினால் அமைதி கிட்டும். மாற்றக்கூடியதோ இரவுக்காவல். அதனைக் கணவரும் பிள்ளைகளும் கணவருடன் பிறந்தோரும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள இயலும். நடைமுறையில் நிகழ்வதோ இதற்கு மாறானது. மாற்ற இயலாத நோயோடு போராடுகின்றனர். மாற்றக்கூடிய ஏற்பாட்டை விதி என்று பொறுத்துக்கொள்கின்றனர்.

திருக்குறளின் 63ஆம் அதிகாரத்துக்கு 'இடுக்கண் அழியாமை' என்று பெயர். 'இடுக்கண் இல்லாமை' என்று பெயர் அமையவில்லை என்பது நினைக்கத்தக்கது. துன்பமே வாராத வாழ்வை அத்தலைப்பு கூறவில்லை; வந்த துன்பத்தால் அழியாத உள்ளத்தையே கூறுகிறது. அதற்கு முந்தைய அதிகாரம் ஆள்வினையுடைமை. முயற்சியை அடுத்து மனவுறுதி வைக்கப்பட்டிருத்தலால், செய்யத்தக்கதைச் செய்துகொண்டே கலங்காதிருத்தல் என்னும் பொருளும் அவ்வைப்பு முறையால் பெறப்படும். கைகட்டிப் பொறுத்திருத்தல் அதன் பொருளன்று.

கடைப்பிடிக்கத்தக்கன

1. உதவியை வாய்விட்டுக் கேட்டல். 'யாராவது உதவக்கூடாதா?' என்று வருந்துவதினும், 'செவ்வாய்க்கிழமை இரவு நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று நாளும் பணியும் குறித்துக் கேட்பது பயன்தரும்.

2. உறக்கத்தைக் காத்தல். இரவில் உறக்கம் கெட்டவர், நோயாளி பகலில் உறங்கும்போது தாமும் சிறிது கண்ணயர்தல் வேண்டும். அந்நேரத்தில் பாத்திரம் துலக்குதல் பின்னுக்குச் செல்லலாம்.

3. மூச்சைச் சீர்செய்தல். மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல விடும் மூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். நாளில் இருமுறை, ஐந்து நிமிடம் போதும்.

4. நடத்தல். ஓடுவதற்கென உடல் திரட்டிய ஆற்றல், ஓடாமல் அமர்ந்திருப்பவரிடம் தேங்கி நிற்கிறது. நடை அதற்குரிய வடிகால். ஆலயத் திருச்சுற்றை அமைதியாக வலம் வருதலும், வழிபாடு முடிந்து சிறிது நேரம் அமர்ந்து எழுதலும் இவ்வகையில் உடலுக்கும் நன்மை பயப்பன.

5. உள்ளத்தைத் திறத்தல். அமெரிக்க உளவியலறிஞர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், தம் வாழ்வின் பெருந்துன்பத்தை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், உணர்ச்சியோடு எழுதிய மாணவர்கள், பின்வந்த மாதங்களில் நோய்க்காக மருத்துவமனை செல்வது குறைந்தது. எழுத இயலாதவர் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பேசலாம்.

மதுவும் புகையிலையும் கவலையை மறக்கச் செய்வது போல் தோன்றி, கவலையோடு நோயையும் கூட்டுவன. அவை விலக்கத்தக்கன.

மருத்துவரை நாடுதல்

இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுதும் துயரமே நிலைத்து, எதிலும் விருப்பம் இன்றி, உணவும் உறக்கமும் கெட்டால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவது போன்றே இதற்கும் நாடவேண்டும். வழிபாடு உள்ளத்துக்கு உறுதி தரும். அதனைக் காரணமாக்கி மருத்துவத்தைத் தள்ளிவைத்தல் தகாது. உயிர் வாழ வேண்டாம் என்னும் எண்ணம் தோன்றின், ஒரு நாளும் காலந்தாழ்த்தலாகாது. இந்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவிச் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

சுற்றத்தார் கடன்

சுமப்பவர்க்குக் கூறப்படும் அறிவுரைகள் பல. சுமப்பவரைச் சூழ்ந்திருப்போர்க்கும் ஒரு கடமை உண்டு. பொறுமையைப் புகழ்வதால் புண் ஆறாது. இக்கோயிலிலிருந்து பிரசாதத்துடன் இல்லம் திரும்பும் அன்பர்களின் தெருவிலும், முதியவரையோ நோயாளியையோ தனித்துப் பேணும் ஒருவர் இருக்கக்கூடும். அவர் வீட்டு வாயிலில் சிறிது நின்று, பிரசாதத்தைக் கொடுத்துவிட்டு, 'இன்று மாலை இரண்டு மணி நேரம் நான் உடனிருக்கிறேன். நீங்கள் போய் உறங்குங்கள்' என்று கூறலாம். அவ்வுறக்கத்தில் அவர் உடலின் நெடுநாள் முற்றுகை சிறிதேனும் தளரும்.