கேட்காமல் வரும் ஓடிபி



ஓடிபி என்பது ஒரே ஒரு முறை, சில நிமிடங்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் எண். பணம் அனுப்ப, கணக்கில் நுழைய, ஆதாரைச் சரிபார்க்க ஒருவர் முனையும்போது, அவர்தான் அந்தக் கணக்குக்கு உரியவரா என்று உறுதி செய்துகொள்ள அது அனுப்பப்படுகிறது. கார்டு எண்ணை இணையத்தில் கொடுத்துப் பணம் செலுத்தும்போது கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-இல் கட்டாயமாக்கியது. அந்த எண் கையெழுத்துக்குச் சமம். ஒருவர் அதைச் சொல்லிவிட்டால், எதிரில் இருப்பவர் செய்யும் காரியத்துக்குச் சொன்னவரே ஒப்புதல் கொடுத்ததாக வங்கி எடுத்துக்கொள்ளும்.

எதுவும் செய்யாமலே ஓடிபி வந்தால், அதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். யாரோ தம் எண்ணைத் தட்டும்போது ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டிருக்கலாம். அல்லது, ஓடிபி வந்த சிம் எண் முன்பு வேறொருவருடையதாக இருந்திருக்கலாம். துண்டிக்கப்பட்ட எண்கள் 90 நாள் கழிந்ததும் புதியவர்களுக்குத் தரப்படுகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் தேர்வாய்கண்டிகையிலும் வேலைக்குச் சேர்ந்த கையோடு புது சிம் வாங்குவோருக்குப் பழைய உரிமையாளரின் செய்திகள் வருவது இதனால்தான். மூன்றாவது காரணமே கவலைக்குரியது: கடவுச்சொல்லையோ கார்டு எண்ணையோ தெரிந்துகொண்ட ஒருவர் உள்ளே நுழைய முயல்கிறார்.

மூன்றில் எதுவாக இருந்தாலும், வந்து சேர்ந்த எண்ணால் மட்டும் பணம் போவதில்லை. அது கைபேசியை விட்டு வெளியே போனால்தான் இழப்பு. ஆகவே பதற வேண்டியதில்லை. செய்தியை முழுதாகப் படிக்க வேண்டும். பலர் இலக்கங்களை மட்டும் பார்க்கிறார்கள். வங்கி அனுப்பும் ஓடிபி செய்தியில் எவ்வளவு தொகை, எந்தக் கடைக்கு, எந்தக் கார்டிலிருந்து என்பதும் பெரும்பாலும் இருக்கும். "பணம் திரும்பி வரப்போகிறது, எண்ணைச் சொல்லுங்கள்" என்று ஒருவர் பேசிக்கொண்டிருக்க, கையிலுள்ள செய்தி பணம் போகப்போவதைக் காட்டினால், பேச்சு பொய், செய்திதான் மெய். ஒருமுறை மட்டும் வந்து நின்றுவிட்டால் விட்டுவிடலாம். திரும்பத் திரும்ப வந்தால் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்; கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணில் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். வாட்ஸ்அப்பின் ஆறு இலக்க எண் இப்படி வந்தால், அதிலுள்ள இரண்டு-படி சரிபார்ப்பை இயக்கித் தனி பின் எண் வைத்துக்கொள்ள வேண்டும்.

சந்தேகத்துக்குரிய குறுஞ்செய்திகளை அடையாளம் காண, 2022-இல் தமிழ்நாடு முழுவதும் பரவிய மின்வாரியச் செய்தி நல்ல பாடம். போன மாத பில் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியை அழையுங்கள் என்று அது சொன்னது. அழைத்தவர்களிடம் ஒரு செயலியை நிறுவச் சொல்லி, சிறு தொகை ஒன்றைக் கட்டச் சொன்னார்கள். கைபேசித் திரையைத் தொலைவிலிருந்து பார்க்க உதவும் செயலி அது. கட்டும்போது தட்டிய பின் எண்ணும், அடுத்து வந்த ஓடிபியும் மோசடிக்காரரின் கண்ணெதிரே விரிந்தன. மின்வாரியமும் காவல்துறையும் மக்களை எச்சரித்தன. நிதானமாகப் படித்திருந்தால் பொய் அந்தச் செய்தியிலேயே தெரிந்திருக்கும்: தமிழ்நாட்டில் வீடுகளுக்கு மின்கணக்கு எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அலுவலகம் மூடிய பிறகு கெடு வைத்து அவசரப்படுத்துவதும், பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து செய்தி வருவதும் மற்ற அடையாளங்கள்.

வங்கிகளும் அரசு அலுவலகங்களும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி பதிவு செய்த எழுத்துப் பெயரிலிருந்துதான் மொத்தக் குறுஞ்செய்திகளை அனுப்புகின்றன. 2025 முதல் அந்தப் பெயரின் கடைசியில் ஓர் எழுத்தும் சேர்ந்துள்ளது: விளம்பரத்துக்கு பி, சேவைக்கு எஸ், பணப் பரிமாற்றத்துக்கு டி, அரசுக்கு ஜி. முன்பே பதிவு செய்யாத இணைப்புகள் உள்ள செய்திகளை நிறுத்த வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வாட்ஸ்அப்புக்கு இந்த வேலிகள் கிடையாது. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வரும் ஏபிகே எனும் செயலிக் கோப்புகள் அந்த வழியாகவே வருகின்றன. அவற்றை நிறுவினால், பிறகு வரும் ஓடிபிகள் உரியவருக்குத் தெரியாமலே வெளியே போகும். *401* என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொல்வதும் இதே நோக்கத்தில்தான். அது அழைப்புகளை வேறொருவருக்குத் திருப்பிவிடும் குறியீடு. 2024 ஏப்ரல் முதல் அந்த வசதியை நிறுத்திவைக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது.

ஆலைத் தொழிலாளிக்குக் கூடுதல் கவனம் தேவைப்படும் இடம் வருங்கால வைப்பு நிதி, அதாவது பிஎஃப். பிஎஃப் பணத்தை இணையம் வழியாகக் கேட்கும்போது ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு ஓடிபி வரும். பிஎஃப் உறுப்பினருக்குரிய யூஏஎன் எண், கடவுச்சொல், ஓடிபி ஆகியவற்றைத் தொலைபேசியில் கேட்பதில்லை என்று பிஎஃப் நிறுவனம் பலமுறை அறிவித்திருக்கிறது. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தாலும் தொழிலாளி திரையைப் பார்த்தபடி எண்ணைத் தாமே தட்டுவது நல்லது. மேஸ்திரியோ ஒப்பந்தக்காரரின் ஆளோ போனில் கேட்டாலும், தாம் தொடங்காத வேலைக்கு வந்த எண்ணைத் தரக் கூடாது.

எண்ணைச் சொல்லிப் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைப்பதுதான் இரண்டாவது நஷ்டம். திருடிய பணம் ஒரு கணக்கில் நிற்காது. அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். சைபர் மோசடிப் புகாருக்கான 1930-ஐ உடனே அழைத்தால் அந்தக் கணக்குகளுக்குரிய வங்கிகளுக்குத் தகவல் போய், மிச்சமிருக்கும் தொகை முடக்கப்படலாம். பணம் போன நேரம், தொகை, யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண் ஆகியவை கையில் இருக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும், மாவட்டத்தின் சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். வங்கிக்கும் அதே வேளையில் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. ஓடிபியை அவரே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் நிமிடம் வரை போன பணம் அவர் பொறுப்பு. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு.

பணம் போகாமல் தப்பிய மோசடிச் செய்திகளையும் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்திலுள்ள சக்ஷு பகுதியில் தெரிவிக்கலாம். அப்படிப் புகார் சேரும் எண்கள் விசாரித்துத் துண்டிக்கப்படுகின்றன. ஆனால் செய்தியைப் படித்தால்தானே மோசடி தெரியும்; சிப்காட்டில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்வோருக்குத் தமிழ்ச் செய்தியும் ஆங்கிலச் செய்தியும் புரியாமல் போகலாம். உடன் வேலை செய்பவர் அதைப் படித்துப் பொருள் சொல்லலாம். ஓடிபி எண்ணை மட்டும் அவரும் கேட்கக் கூடாது.