கொந்தளிக்கும் நீரும் சுழிகளின் கணக்கும்

க.பொ.த. உயர்தரம், கணிதப் பிரிவு

பௌதிகவியலில் பாயிகளைப் பற்றி நாம் கற்கும் சமன்பாடுகள் பெரும்பாலும் அருவிக்கோட்டுப் பாய்ச்சலுக்கே உரியவை. பாய்ச்சல் கொந்தளிப்பானால் புவாசேயின் சமன்பாடு பொருந்தாது என்று ஒரு வரியில் படித்துவிட்டுக் கடந்து செல்கிறோம். அப்படியானால் கொந்தளிப்புக்கு ஒழுங்கே இல்லையா? இக்கேள்வியே என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

1883 இல் மன்செஸ்டரில் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் என்பவர், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீருக்குள் சாயத்தை மெல்லிய இழையாகச் செலுத்தினார். நீர் மெதுவாக ஓடியபோது இழை நேராகவே சென்றது. வேகம் ஓர் எல்லையைக் கடந்ததும் இழை நெளிந்து, சுழிகளாக உடைந்து, குழாயெங்கும் பரவியது.

அந்த எல்லையை ஓர் எண்ணால் கூறலாம். அடர்த்தி, வேகம், குழாயின் விட்டம் ஆகியவற்றின் பெருக்கத்தைப் பிசுக்குமைக் குணகத்தால் வகுத்தால் ரெனோல்ட்ஸ் எண் கிடைக்கும். இதற்கு அலகில்லை. குழாய்களில் இது ஏறத்தாழ 2300 இலும் குறைவாயின் பாய்ச்சல் அமைதியாக இருக்கும்.

நான் ஒரு கணக்குச் செய்து பார்த்தேன். விட்டம் 1.5 சென்ரிமீற்றர், நீரின் வேகம் செக்கனுக்கு 1 மீற்றர், பிசுக்குமை 0.001 பஸ்கால் செக்கன் எனக் கொண்டால் விடை 15,000! ஆகவே, நாம் வுழூச் செய்யும் குழாயினுள்ளும் நீர் பெரும்பாலும் கொந்தளித்தே ஓடுகிறது. அமைதியான பாய்ச்சல் வேண்டுமாயின் வேகம் செக்கனுக்குச் சுமார் 15 சென்ரிமீற்றருக்குக் குறைய வேண்டும். புத்தகம் ஒரு வரியில் கடந்த விடயமே நம் அன்றாட வாழ்வில் அதிகம் நிகழ்கிறது.

சுழிகளுக்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு. பெரிய சுழி உடைந்து சிறியவற்றுக்குச் சக்தியைக் கொடுக்கிறது. அவை இன்னும் சிறியவற்றுக்குக் கொடுக்கின்றன. இக்கருத்தை 1922 இல் ரிச்சர்ட்சன் முன்வைத்தார். 1941 இல் கொல்மொகோரோவ் அதைக் கணித வடிவில் விளக்கினார். மிகச் சிறிய சுழிகளில் பிசுக்குமை மேலோங்க, சக்தி வெப்பமாக மாறுகிறது.

தேநீரைக் கரண்டியால் கலக்கும்போது சீனி விரைவாகப் பரவுவது இச்சுழிகளாலேயே. வெறும் பரவலை மட்டும் நம்பியிருந்தால் தேநீர் ஆறிய பின்னரும் இனிப்பு மேலே வந்திராது.

பாயிகளின் இயக்கத்தைக் கூறும் நேவியர்–ஸ்ரோக்ஸ் சமன்பாடுகளுக்கு முப்பரிமாணத்தில் எப்போதும் சீரான தீர்வு உண்டா என்பது இன்னும் நிறுவப்படவில்லை. அதற்கு விடை காண்பவருக்கு 2000 ஆம் ஆண்டில் கிளே கணித நிறுவனம் பத்து இலட்சம் டொலர் பரிசு அறிவித்தது. தோழியரே, பாடத்திட்டம் முடியும் இடத்தில் அறிவு முடிவதில்லை. அப்பரிசு இன்றும் காத்திருக்கிறது. நம்மில் ஒருத்தி ஏன் முயலக்கூடாது?